ஆடித் தள்ளுபடியில் ஒரு பெரியம்மா

தி.நகரில் ஒரு பெரிய துணிக்கடையின் இரண்டாவது மாடியில் நான் புடவை கட்டிக்கொள்கிறேன். சம்பளத்துக்குத்தான். பேண்ட், சட்டை, கழுத்தில் அடையாள அட்டை எல்லாம் போட்டபடியே, மேலே புடவையைச் சுற்றி, கொசுவம் எடுத்து பெல்ட்டில் செருகி, முந்தானையைத் தோளில் விரித்துக் காட்ட வேண்டும். மடித்து வைத்த புடவையைப் பார்த்து யாருக்கும் முடிவெடுக்க வராது. கண்ணாடி முன்னால் நின்று தன் மேலேயே போட்டுப் பார்த்தால் தன் முகமும் சேர்ந்து தெரிகிறது, உடனே புடவை பிடிக்காமல் போய்விடுகிறது. என் மேல் பார்த்தால் அந்தத் தொல்லை இல்லை. என் முகத்தை யாரும் பார்ப்பதே கிடையாது.

இந்த வேலையில் எங்கள் மாடியில் என்னை அடிக்க ஆள் இல்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை. உயரம் சரியாக இருக்கிறது, தோள் அகலமாக இருக்கிறது, கொசுவம் எடுத்தால் இஸ்திரி போட்ட மாதிரி விழும். பின் குத்துவதெல்லாம் கிடையாது. எங்கள் மாடிக்குப் பொறுப்பாக இருக்கும் அண்ணாச்சி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். எந்த அம்மாவாவது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தால் அவர் கண் என்னைத்தான் தேடும். "ஏலே, அந்தச் சேலைய எடுத்து உடுத்துலே" என்பார். நான் உடுத்துவேன். எழுந்த அம்மா உட்கார்ந்துவிடுவார்.

உட்கார்வது வாடிக்கையாளர்களுக்கு மட்டும்தான். நாள் முழுக்க நிற்கிற ஊழியர்களுக்கும் உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது எங்களுக்கும் ஸ்டூல் வந்தது. கொஞ்ச நாளில் அதன்மேல் புடவைக் கட்டுகள் வந்து உட்கார்ந்துகொண்டன. எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை.

பிரச்சினை என் கல்யாணத்தில் ஆரம்பித்தது. எனக்குப் பார்த்த முதல் வரன் எல்லாம் கூடி வந்த நிலையில், பெண்ணின் மாமா ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் கடைக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்கு நான் ஆரஞ்சு நிறத்தில் ஜரிகை போட்ட புடவையில் இருந்தேன். "மாப்ள நல்லா ஜம்முனு புடவை கட்டிக்கினு நிக்கிறாரு, எங்களுக்கு வோணாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தேனாம்பேட்டையில் எங்கள் சந்து முழுக்க இந்தச் செய்தி பரவி, கொஞ்ச நாள் சின்னப் பிள்ளைகள்கூட என்னைப் பார்த்து இடுப்பை ஒடித்துக் காட்டின. அம்மா வெளியே தண்ணீர் பிடிக்கப் போகவே கூச்சப்பட்டார்.

இரண்டாவது வரன் எதிர்வீட்டு அத்தை மூலம் வந்தது. பெண் வேளச்சேரியில் ஒரு லேப்பில் ரத்தம் எடுக்கிற வேலை. போட்டோவை அத்தை என் போனுக்கு அனுப்பினார். சுடிதாருக்கு மேல் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, ‘சீக்கிரம் எடுங்க, வெளியே ஆள் காத்திருக்காங்க’ என்கிற மாதிரி ஒரு முகம். எனக்குப் பிடித்துவிட்டது. சும்மா பிடித்தது என்று சொன்னால் பொய். அன்றைக்கு முழுக்க விலையை மாற்றி மாற்றிச் சொல்லி அண்ணாச்சியிடம் திட்டு வாங்குகிற அளவுக்குப் பிடித்திருந்தது.

ஆடி மாதம் பிறந்து, தள்ளுபடியும் பிறந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கடைக்குள் நுழையப் போகும் நேரத்தில் அம்மா போன் செய்தார். நுழைந்துவிட்டால் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். கடை கொடுத்த சட்டைக்குப் பாக்கெட்டே கிடையாது.

"டேய், இன்னிக்கி பொண்ணு வூட்லேந்து உன்னைப் பாக்க வராங்களாம்."

"கடைக்கா? ஆடில பொண்ணு மாப்ள பாக்கிறதெல்லாம் கூடாதும்பியே?"

"ஆடில மாப்ள பாக்கத்தான் கூடாது. துணி பாக்கப் போவலாம்ல? சொல்லாம வரணும்னுதான் கீறாங்க. எதிர்வூட்டு அத்தை வாய் தவறி உளறிடுச்சு."

"யாரு வராங்க?"

"பொண்ணோட பெரியம்மா. அது வெச்சதுதான் அந்த வூட்ல சட்டம். அது சரின்னா எல்லாம் சரி."

"எப்பிடி இருப்பாங்க?"

"பெரியம்மா மாதிரி இருக்கும். எனக்கு இன்னா தெரியும்? நான் பாத்துகினா கீறேன்?" அம்மாவின் குரல் சட்டென்று இறங்கியது. "இன்னிக்கி ஒரு நாளு மட்டும் அந்தப் புடவையக் கட்டிக்கினு நிக்காதடா. உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கிறேன்."

ஆடித் தள்ளுபடி ஞாயிற்றுக்கிழமையில் தி.நகர் துணிக்கடைக்குள் ஒரு பெரியம்மாவைக் கண்டுபிடிக்கச் சொன்னால் எப்படி? அங்கே வருகிற எல்லாருமே யாருக்காவது பெரியம்மாதான். கதவு திறந்த கொஞ்ச நேரத்தில் மாடி நிறைந்துவிட்டது. கணவன்மார்கள் படிக்கட்டில் பையோடு உட்கார்ந்துவிட்டார்கள். ஒலிபெருக்கியில், சிவப்புக் கவுன் போட்ட குழந்தை கீழ்த்தளத்தில் அம்மாவைத் தேடுவதாகச் சொன்னார்கள். அந்த அம்மா எங்கள் மாடியில்தான் இருந்தார். "அவ அங்கியே இருக்கட்டும், இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு இன்னும் இரண்டு புடவையைப் பிரிக்கச் சொன்னார்.

என் கவுண்டரில் என்னோடு நிற்பவன் ராயப்பேட்டைக்காரன். நல்ல நண்பன், ஆனால் அவன் வாயில் எதுவும் தங்காது. அவனிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அரை மணி நேரத்தில் சுடிதார் பிரிவுப் பெண்கள் வரைக்கும் தெரிந்துவிட்டது. ஆளாளுக்கு வந்து தகவல் தர ஆரம்பித்தார்கள். தூணாண்டை ஒரு பெரியம்மா நிற்கிறார், லிஃப்ட்டாண்டை ஒரு பெரியம்மா சந்தேகமாகப் பார்க்கிறார் என்று நொடிக்கொரு செய்தி.

"மச்சி, ரொம்ப ஈஸி" என்றான் நண்பன். "புடவையப் பாத்தா கஸ்டமர். உன்னைப் பாத்தா பெரியம்மா."

நல்ல யோசனைதான். ஆனால் என்னைப் பார்க்க ஆள் வேண்டுமே. ஒரே ஒரு அம்மா மட்டும் என்னையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அவர் எழுந்து வந்து, "கொஞ்சம் தள்ளிக்கப்பா" என்று சொல்லிவிட்டு, என் பின்னால் இருந்த கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டு போனார்.

பதினோரு மணி வாக்கில் வந்தவர்தான் அசல் பெரியம்மா என்று எல்லாரும் முடிவு கட்டினோம். கை நிறைய வளையல், நெற்றி நிறைய குங்குமம். புடவைப் பக்கம் திரும்பவே இல்லை. நேராக என்னிடம் வந்தார்.

"எந்தப் பக்கம் வூடு?"

"தேனாம்பேட்டைம்மா."

"சொந்த வூடா?"

"வாடகைதாம்மா. ஆனா நல்ல ஓனர்."

"சம்பளம்லாம் நேரத்துக்குக் குடுக்குறாங்களா?"

"கரெக்டா குடுத்துடுவாங்கம்மா."

"லீவு குடுப்பாங்களா? தண்ணி கிண்ணி அடிக்கிற பசங்க யாராச்சும் கூட வேலை பாக்குறாங்களா?"

"சத்தியமா எனக்கு அந்தப் பழக்கமே கிடையாதும்மா" என்றேன். கேட்காத கேள்விக்கு முந்திக்கொண்டு பதில் சொன்னதில் என் நண்பனுக்கே கண் கலங்கிவிட்டது. அவன் மேல் மாடிக்கு ஓடினான். அங்கே கல்யாணப் பட்டு எடுக்க வருகிற கூட்டத்துக்கு மட்டும் ரோஸ்மில்க் கொடுப்பார்கள். அதில் ஒரு கிளாஸை யாருக்கோ என்று சொல்லி வாங்கி வந்தான். அந்த அம்மா அதை நிதானமாகக் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்தார்.

"எம்புள்ள ஒருத்தன் வூட்ல சும்மா கீறான் நைனா. இங்க ஒரு வேலைக்குச் சேத்து வுடேன். ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

அவரை அண்ணாச்சியிடம் அனுப்பிவைத்தேன். அதுவரை புடவை கட்டாமல் சமாளித்துவிட்டதுதான் ஒரே ஆறுதல். அந்த ஆறுதலும் மயிலாப்பூர் மாமி ஒருவர் வந்து உட்காரும் வரைதான்.

மாமி கைத்தறியில் அடுக்கடுக்காகப் பிரிக்கச் சொல்லி, மலையாகக் குவித்துவிட்டு, கடைசியில் ஒரு மாம்பழ நிறப் புடவையை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இதைக் கொஞ்சம் மேல போட்டுண்டு காட்டேம்ப்பா."

"இன்னிக்குத் தோள் வலி மாமி. இவர் கட்டிக் காட்டுவாரு" என்று நண்பனை முன்னால் தள்ளினேன்.

அவன் குள்ளம், கொஞ்சம் குண்டு. புடவை அவனைச் சுற்றிவிட்டுத் தரையிலும் பாதி கிடந்தது. மாமி மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "ஜன்னலுக்குப் போட்ட திரை மாதிரின்னா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தார். அவ்வளவுதான், எங்கிருந்துதான் பார்த்தாரோ, அண்ணாச்சி என் பக்கத்தில் நின்றார்.

"என்னலே சும்மா நிக்க? உடுத்து."

"அண்ணாச்சி, இன்னைக்குப் பொண்ணு வீட்லேர்ந்து..." என்று காதோடு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கெஞ்சியதையும் சொன்னேன்.

அண்ணாச்சி முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்: "மாப்பிள்ளை ஒழுங்கா வேலை செய்யுதானான்னு பாக்கத்தானலே வந்திருக்காவ? நீ கையக் கட்டிட்டு நின்னா சோம்பேறின்னுல்லா நினைப்பாவ? உடுத்துலே."

உடுத்தினேன். வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தேன். ஆனால் மாம்பழ நிறத்தில் அந்த அரக்கு பார்டர் கணுக்காலில் வந்து விழுந்தபோது எனக்கே பெருமையாகிவிட்டது. அது என் கெட்ட குணம். புடவை நன்றாக அமைந்துவிட்டால் நான் யாருடைய மாப்பிள்ளை என்பதெல்லாம் மறந்துவிடும். முந்தானையை ஒரு உதறு உதறி விரித்துக் காட்டினேன். சுற்றி ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது.

"பேஷ், நன்னா எடுப்பா இருக்கு" என்று மாமி அதைத் தனியாக எடுத்து வைத்தார்.

மாமிக்குப் பக்கத்தில் பெரிய ஒயர்கூடையோடு ஒரு அம்மா எப்போது வந்து உட்கார்ந்தார் என்று தெரியவில்லை. "நைனா, அந்த ராமர் பச்சையையும் அப்பிடியே கட்டிக் காட்டு" என்றார். கட்டினேன். "திரும்பு" என்றார். திரும்பினேன். "நாலடி நடந்து காட்டு, பார்டர் எப்பிடி வுழுதுன்னு பாக்கலாம்." நடந்தேன். அடுத்து ஊதா, அடுத்து மயில் கழுத்து நிறம். அவரும் மாமியும் பழகிய சிநேகிதிகள் போல என்னைச் சுட்டிக்காட்டிப் பேசிக்கொண்டார்கள். அந்த அம்மா ராமர் பச்சையும் ஊதாவும் எடுத்துக்கொண்டு, "கை ராசிக்காரப் புள்ள" என்று சொல்லிவிட்டு பில் போடப் போனார். இத்தனைக்கும் நடுவில் நான் கூட்டத்துக்குள் பெரியம்மாவைத் தேடியபடியே இருந்தேன். யாரும் பிடிபடவில்லை. வரவில்லை போலிருக்கிறது என்று நிம்மதியாக ஊதாவை மடித்தேன்.

மறுநாள் காலையில் எதிர்வீட்டு அத்தை வந்து வாசலில் நின்றபடியே சொன்னார். பெரியம்மா வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாராம். வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

அம்மா என்னைத் திட்டவில்லை. "அவ்ளோ சொல்லியும் கட்டிக்கினியா?" என்று மட்டும் கேட்டார்.

"வேலைம்மா" என்றேன்.

அம்மா ஆழ்வார்பேட்டையில் இரண்டு வீடுகளில் சமைக்கிறவர். வேலை என்றால் என்ன என்று அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனது எனக்கு அதிகமாக வலித்தது. அன்றைக்குக் கடையில் யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் புடவைகள் மேல் கோபப்பட்டேன். இனி எவன் சொன்னாலும் கட்டிக் காட்டுவதில்லை, மடித்ததை மடித்தபடியே விற்பேன், பிடித்தால் வாங்கட்டும், பிடிக்காவிட்டால் போகட்டும் என்று நண்பனிடம் சொன்னேன். அவன் தலையாட்டினான். போட்டோவை அழித்துவிடலாம் என்று சாப்பாட்டு நேரத்தில் போனை எடுத்தேன். அழிக்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் மாடியில் கூட்டமே இல்லை. யாரோ கவுண்டர் முன்னால் வந்து நிற்கிற மாதிரி இருக்க, "வாங்க மேடம், காட்டனா சில்க்கா?" என்று நிமிர்ந்தேன். அந்தப் பெண்தான் நின்றார். வெள்ளைக் கோட்டு மட்டும் இல்லை. முகம் அதே அவசர முகம்.

"யாருன்னு தெரியுதா?" என்றார்.

"தெரியுதுங்க."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் முழங்கை மடிப்பைப் பார்த்தார். "நரம்பு நல்லாத் தெரியுது" என்றவர், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. யாரைப் பாத்தாலும் முதல்ல அதைத்தான் பாப்பேன்."

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் நிறத்துக்குக் கடுகு மஞ்சள்தான் சரி என்று நான் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தேன்.

"பெரியம்மா உங்களை வேணாம்னுட்டாங்க" என்றார். "அவங்க அதைச் சொல்லும்போது இங்க வாங்கின ராமர் பச்சையைத்தான் கட்டியிருந்தாங்க."

"அவங்களா!" என்று நான் போட்ட சத்தத்தில் அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். "மூணு புடவை கட்டச் சொன்னாங்களேங்க! கை ராசின்னாங்களே!"

"அது புடவைக்கு. வீட்டுக்கு மாப்ளையா சரிப்படாதாம். இடுப்புல கையை வெச்சுக்கினு நடக்கிறீங்களாம்."

"கொசுவம் நழுவாம இருக்கப் பிடிச்சுக்கிறதுங்க அது."

"அதைத்தான் கேக்க வந்தேன்." குரலைத் தணித்துக்கொண்டு கொஞ்சம் முன்னால் குனிந்தார். "ஒரு பின்னுகூடக் குத்தலைன்னு பெரியம்மா சொன்னாங்க. நெஜமாவா?"

"நெஜம்தாங்க."

"அப்ப கட்டிக் காட்டுங்க. பாக்கணும்."

மாடியில் இருந்த எல்லாரும் புடவை மடிக்கிற சாக்கில் எங்கள் பக்கமே வந்துவிட்டார்கள். எந்த வீட்டார் பார்க்கக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு பாடுபட்டேனோ, அந்த வீட்டுப் பெண்ணே எதிரில் நின்று கட்டச் சொல்கிறார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பெரியம்மா சொன்னதை நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. நான் செய்கிற வேலையில் வெட்கப்பட எதுவும் இல்லை. அது எனக்கு உறைத்ததே அப்போதுதான். கடுகு மஞ்சளை உருவினேன்.

முதல் கொசுவம் கோணலாகப் போனது. அவிழ்த்து மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை சரியாக விழுந்தது. செருகி, முந்தானையை விரித்து, நாலடி நடந்தும் காட்டினேன், இடுப்பில் கையோடுதான். அவர் என்னைச் சுற்றி வந்தார். ஊசி போட இடம் தேடுகிறவர் மாதிரி உன்னிப்பாகப் பார்த்தார். பிறகு கேட்காமல் கொள்ளாமல் கொசுவத்தைப் பிடித்து வெடுக்கென்று ஓர் இழு இழுத்தார். அது அசையவில்லை.

"எனக்கெல்லாம் டப்பா நிறையப் பின்னு குத்தினாலும் பஸ் ஏர்றதுக்குள்ள அவுந்துடும்" என்றார். "லேப்ல பொங்கலுக்கு எல்லாரும் புடவைல வரணும்னாங்க. நான் ஜுரம்னு லீவு போட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. வாய் பழக்கத்துக்கு ஓடி, "பேக் பண்ணிடலாங்களா?" என்று கேட்டுவிட்டது.

அவர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். புடவையைப் பார்க்கவில்லை. "வீட்ல பேசிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

துணிக்கடையில் வேலை பார்க்கிற யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். மலையாகப் பிரித்துப் போட வைத்துவிட்டு எழுந்து போகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். வீட்டில் பேசிவிட்டு வந்தவர் இதுவரை ஒருவரும் இல்லை. "போச்சு மச்சி" என்று நண்பன் என் தோளிலிருந்து முந்தானையை எடுத்து மடிக்க உதவினான். அண்ணாச்சிகூட அன்றைக்கு எதுவும் கேட்கவில்லை. தானே ஒரு ஸ்டூலில் இருந்த புடவைக் கட்டை இறக்கி வைத்துவிட்டு, "செத்த நேரம் இரிலே" என்றார். உட்கார்ந்தேன்.

அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் லாக்கரைத் திறந்தால் அம்மாவிடமிருந்து வரிசையாகத் தவறிய அழைப்புகள். டிபன் பாக்ஸைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு கூப்பிட்டேன்.

"எங்கடா போய்த் தொலைஞ்சே? பொண்ணு வூட்ல நேத்துலேந்து ஒரே ரகளையாம். எதிர்வூட்டு அத்தை இப்பத்தான் போய்ட்டு வந்து சொல்லுது. பெரியம்மா சோறு தண்ணி இல்லாம மூஞ்சத் தூக்கி வெச்சுக்கினு உக்காந்துகினு கீதாம்."

"அந்தப் பொண்ணு? அவங்க இன்னா சொன்னாங்களாம்?"

"அதுவா? பெரியம்மாகிட்ட, நீ சாப்ட்டாலும் சரி, சாப்படாட்டியும் சரி, மாப்ள அவருதான்னு சொல்லிச்சாம். சொல்லிட்டு, பெரியம்மா தட்ல இருந்த சோத்தையும் தானே எடுத்துத் தின்னுட்டு வேலைக்குப் போய்டுச்சாம்டா."